அணு, மூலக்கூறு, சேர்வை: குழம்பாமல் தொடங்க ஒரு வழி

போன தவணைப் பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம், அக்காவின் மகள் தரம் 10 விஞ்ஞானக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "மாமா, உப்பு மூலக்கூறா, சேர்வையா? ஒண்டைச் சொல்லுங்கோ, எழுதிட்டுப் போறன்."

"சேர்வை" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், புள்ளியும் கிடைத்திருக்கும். ஆனால் சிக்கல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. மூலக்கூறு, சேர்வை இரண்டையும் அவள் ஒரே கேள்வியின் இரண்டு விடைகளாக எடுத்திருந்தாள், இடமா வலமா என்று கேட்பதுபோல. உண்மையில் அவை இரண்டு தனித்தனிக் கேள்விகளின் விடைகள். ஒரு பொருள் இரண்டுமாக இருக்கலாம், ஒன்றாக மட்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் அடிப்படை இரசாயனத்தில் பாதிப் பயம் போய்விடும்.

நான் சாதாரண தரம் படித்த நாட்களில் ஒரு டியூஷன் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்த வரைவிலக்கணங்களை அப்படியே கொப்பியில் இறக்கி மனனம் பண்ணினேன். ஏன் என்று கேட்டால் "பேப்பருக்கு அது வராது" என்ற பதில்தான் வரும். அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது, இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்து தாங்களே தடுமாறும் அம்மா அப்பாமாருக்கும், உயர்தரத்தில் வர்த்தகமோ கலையோ படித்துவிட்டு இப்போது ஆசைக்காக இரசாயனத்தை எட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் நாள் இரவே செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஒரு பிடி வெள்ளைக் கடலை, ஒரு பிடி கறுப்புக் கடலை, இரண்டு பிடி பட்டாணி, மூன்றையும் தனித்தனிக் கோப்பைகளில் ஊறப் போடுங்கள். விளக்குமாற்றில் இருந்து பத்துப் பதினைந்து ஈர்க்கு உருவி, கழுவி, விரல் நீளத்துக்கு ஒடித்து வையுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

இதைச் சொல்லாமல் தொடங்கினால் வேலையில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழில் படிக்கிறார்கள், வீட்டுக்கு வந்து யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வீடியோவை இன்னொரு தமிழில் பார்க்கிறார்கள். நாம் மூலகம் என்பது அங்கே தனிமம். நம் சேர்வை அங்கே சேர்மம். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிறது, ஐதரசன் ஹைட்ரஜன் ஆகிறது, இலத்திரன் எலக்ட்ரான் ஆகிறது, வலுவளவு என்பதை அவர்கள் இணைதிறன் என்கிறார்கள். அணுவும் மூலக்கூறும் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டு சொல்லையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எதிரெதிராக எழுதி வைத்துவிட்டால் போதும், அப்புறம் எந்த வீடியோவையும் தைரியமாகப் பார்க்கலாம். நான் இங்கே நம் பாடநூல் சொற்களையே எழுதுகிறேன்.

அணு: தொடக்கம் இங்கேதான்

ஒரு மூலகத்தின் குணம் மாறாமல் நாம் போகக்கூடிய கடைசி எல்லை அணு. தங்கத்தை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தங்க அணுவில் வந்து நிற்போம், அதையும் உடைத்தால் கிடைப்பது தங்கமாக இருக்காது. உள்ளே நடுவில் கரு, கருவுக்குள் புரோத்தன்களும் நியூத்திரன்களும், வெளியே இலத்திரன்கள். இவை ஒரே நாளில் தெரிய வந்தவை இல்லை. இலத்திரனை ஜே. ஜே. தொம்சன் 1897 இல் கண்டார், கருவை ரதர்போர்ட் 1911 இல், நியூத்திரனைச் சட்விக் 1932 இல்தான்.

எது எந்த மூலகம் என்பதைத் தீர்மானிப்பது புரோத்தன்களின் எண்ணிக்கை மட்டும். 1 என்றால் ஐதரசன், 6 என்றால் காபன், 8 என்றால் ஒட்சிசன், 11 சோடியம், 17 குளோரீன், 79 தங்கம். இந்த எண்ணைத்தான் அணுவெண் என்கிறோம். இன்றைக்கு ஆவர்த்தன அட்டவணையில் 118 மூலகங்கள் இருக்கின்றன. தொடங்கும்போது 118 ஐயும் பார்த்து மலைக்க வேண்டாம், முதல் 20 தெரிந்தால் சாதாரண தரத்தின் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

அளவைப் பற்றி ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். கெத்தாராம கிரிக்கெட் மைதானம் முழுவதையும் ஒரு ஐதரசன் அணு என்று வைத்துக்கொண்டால், நடுப் பிட்சில் வைத்த ஒரு குரக்கன் மணி அளவுதான் அதன் கரு. அணுவின் திணிவில் ஏறத்தாழ முழுவதும் அந்தக் குரக்கன் மணிக்குள் இருக்கிறது, மிச்ச மைதானம் இலத்திரன் நடமாடும் இடம். நான் இதை முதன்முதலாக விளங்கிக்கொண்ட நாளில் கையில் இருந்த கரண்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலத்திரன்கள் சக்தி மட்டங்களில் இருக்கின்றன. முதல் மட்டத்தில் 2, இரண்டாவதில் 8 வரை. சோடியத்துக்கு 2, 8, 1. குளோரீனுக்கு 2, 8, 7. கடைசி மட்டத்தில் இருக்கும் அந்த 1 ஐயும் 7 ஐயும் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரசாயனத்தில் நடக்கும் அத்தனை கொடுக்கல் வாங்கலும் அந்த வெளி மட்டத்தில்தான், கரு அதில் தலையிடுவதே இல்லை.

கடலையும் ஈர்க்கும்

ஊறப் போட்டதை இப்போது எடுங்கள். பட்டாணி ஐதரசன், வெள்ளைக் கடலை ஒட்சிசன், கறுப்புக் கடலை காபன். நைதரசனுக்கு ஒரு சிறிய கரட் துண்டு போதும். ஈர்க்குத்தான் பிணைப்பு.

விதி மிகவும் எளிது. ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஈர்க்குக் குத்தலாம், கூடவும் கூடாது குறையவும் கூடாது: ஐதரசனுக்கு 1, ஒட்சிசனுக்கு 2, நைதரசனுக்கு 3, காபனுக்கு 4. இதுதான் வலுவளவு. எந்த ஈர்க்கின் நுனியும் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஓர் அணு இருக்க வேண்டும்.

இப்போது ஒரு வெள்ளைக் கடலையை எடுத்து இரண்டு ஈர்க்குக் குத்துங்கள், இரண்டு நுனியிலும் பட்டாணி. தண்ணீர் மூலக்கூறு வந்துவிட்டது. "எச்2ஓ" என்று சின்ன வயதில் இருந்தே சொல்லிக்கொண்டு வருகிறோமே, அந்த 2 எங்கிருந்து வந்தது என்பது இப்போது கையிலேயே இருக்கிறது. காபனுக்கு நாலு பட்டாணி குத்தினால் மெதேன், சிஎச்4. நைதரசனுக்கு மூன்று என்றால் அமோனியா, என்எச்3. அடுத்து காபனீரொட்சைட்டு, சிஓ2. இங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள், தடுமாற விடுங்கள். காபனுக்கு நாலு ஈர்க்கு, இரண்டு ஒட்சிசனுக்கும் இரண்டிரண்டு, ஆகவே ஒவ்வொரு பக்கமும் சோடி ஈர்க்குப் போட வேண்டும். அதுதான் இரட்டைப் பிணைப்பு. வெறும் இரண்டு வெள்ளைக் கடலையைச் சோடி ஈர்க்கால் கோத்தால் நாம் சுவாசிக்கும் ஒட்சிசன், ஓ2. இரண்டு கரட் துண்டை மூன்று ஈர்க்கால் கோத்தால் காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைதரசன், என்2. அந்த மூன்று ஈர்க்கையும் பிடுங்கிப் பாருங்கள், மற்றவற்றைவிடக் கஷ்டமாக இருக்கும். உண்மையான நைதரசன் மூலக்கூறும் அப்படி இறுகியதுதான், அதனால்தான் அது காற்றில் எதனோடும் இலேசில் சேராமல் சும்மா இருக்கிறது.

இந்த விதிக்குள் எல்லாம் அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காபனும் ஓர் ஒட்சிசனும் மட்டும் சேர்ந்த காபனோரொட்சைட்டைக் கட்டப் போனால் காபனில் இடம் மிஞ்சும். அதற்கு உயர்தரத்தில் வேறு விளக்கம் வரும். தொடங்குபவர்களுக்கு இந்த ஈர்க்கு விதி போதும்.

அன்றைக்கு நான் மருமகளிடம், "இரண்டு காபன், ஆறு ஐதரசன், ஓர் ஒட்சிசன், எல்லாத்தையும் சேர்த்து ஒரே மூலக்கூறாக் கட்டு" என்று சொல்லிவிட்டு நானும் ஒன்று கட்டத் தொடங்கினேன். அவள் கட்டி முடித்து என்னுடையதைப் பார்த்தாள். என்னுடையதில் இரண்டு கறுப்புக் கடலையும் ஒட்டி இருந்தன, வெள்ளைக் கடலை ஓரத்தில், அதன் நுனியில் ஒரு பட்டாணி. அவளுடையதில் வெள்ளைக் கடலை நடுவில், இரண்டு பக்கமும் கறுப்புக் கடலை. "பிழைச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டே ஈர்க்கைப் பிடுங்கப் போனவளைத் தடுத்தேன். இரண்டுமே சரி. நான் கட்டியது எதனோல், சாராயத்தில் இருக்கும் அற்ககோல், 78 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். அவள் கட்டியது இருமெதயில் ஈதர், சாதாரண அறை வெப்பநிலையில் வாயு. அதே ஒன்பது அணுக்கள், வேறு இரண்டு பொருட்கள். எந்த அணு எத்தனை என்பதோடு, எது எதனோடு கைகோத்திருக்கிறது என்பதும் மூலக்கூறைத் தீர்மானிக்கிறது. இதை நான் நூறு தடவை வாயால் சொல்லியிருந்தாலும் அவள் முகத்தில் வந்த அந்த வெளிச்சம் வந்திருக்காது.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

சரி, இப்போது அவளுடைய கேள்விக்கு வருவோம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலாவது கேள்வி: இதில் எத்தனை வகை அணுக்கள் பிணைந்திருக்கின்றன? ஒரே வகை என்றால் மூலகம். இரண்டோ அதற்கு மேலோ, நிலையான விகிதத்தில் பிணைந்திருந்தால் சேர்வை. இரண்டாவது கேள்வி வேறு: இதன் அணுக்கள் எண்ணக்கூடிய சிறு கூட்டங்களாக, பங்கீட்டுப் பிணைப்பால் (அதாவது வெளி மட்ட இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொண்டு, நம் ஈர்க்கு காட்டுவது அதைத்தான்) கைகோத்து நிற்கின்றனவா? ஆம் என்றால் மூலக்கூறு.

இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் இரண்டு வகை அணுக்கள், ஆகவே சேர்வை, மூன்று மூன்றாகக் கூட்டமாக இருக்கின்றன, ஆகவே மூலக்கூறும்தான். ஒட்சிசன் வாயுவில் ஒரே வகை அணு, அதனால் சேர்வை இல்லை, ஆனால் இரண்டிரண்டாக நிற்கிறது, அதனால் மூலக்கூறு உண்டு. காலி முகத்திடலில் பிள்ளை கையை விட்டதும் மேலே போய்விடும் பலூனுக்குள் ஈலியம் இருந்தால், அங்கே ஒவ்வோர் அணுவும் தனியே திரிகிறது, யாரோடும் கைகோக்காது, ஆகவே இரண்டும் இல்லை. மிஞ்சுவது உப்பு.

ஒரு சிட்டிகை உப்பைக் கறுப்புக் கடதாசியில் தூவி, போனின் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூள் உப்பாக இருந்தால் குட்டிக் குட்டிப் பெட்டிகள் தெரியும், மூலைகள் தேய்ந்திருந்தாலும் சதுரம் சதுரமாக இருப்பது கண்ணுக்குப் படும். அந்தச் சதுரம் உள்ளே இருக்கும் ஒழுங்கின் வெளித்தோற்றம். சோடியம் தன் கடைசி மட்டத்தில் இருந்த ஒற்றை இலத்திரனைக் கொடுத்துவிடுகிறது, குளோரீன் அதை வாங்கிக்கொள்கிறது (கோடு போட்டு வைத்த 1 உம் 7 உம் ஞாபகம் இருக்கிறதுதானே). ஏற்றம் பெற்ற அணுவை அயன் என்போம்: கொடுத்தது நேரேற்றம் பெற்ற அயன், வாங்கியது மறையேற்றம் பெற்ற அயன், எதிரெதிர் ஏற்றங்கள் இழுத்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு சோடியம் ஒரு குளோரீனோடு சோடி சேர்ந்து தனிக்குடித்தனம் போவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனையும் சுற்றி ஆறு குளோரைட்டு அயன்கள், ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் ஆறு சோடியம், மேலே கீழே இடம் வலம் முன்னே பின்னே என்று அந்தப் பளிங்கின் விளிம்பு வரை இப்படியே போகும். இதற்குச் சாலகம் என்று பெயர். அதற்குள் "இந்த இரண்டும்தான் ஒரு மூலக்கூறு" என்று வட்டம் போட ஓரிடமும் கிடைக்காது.

"அப்ப உப்பில மூலக்கூறே இல்லையா மாமா?" என்று கேட்டாள். இல்லை. என்ஏசிஎல் என்று எழுதுவது விகிதத்தைத்தான் சொல்கிறது: ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரீன். உப்பு சேர்வை, மூலக்கூறுகளால் ஆனது இல்லை. பேப்பரில் "உப்பு மூலக்கூறு" என்று எழுதினால் புள்ளி போகும், போவதும் நியாயம்தான்.

இன்னொன்று. சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம், தண்ணீர் பட்டால் சீறும், அதனால் எண்ணெய்க்குள் போட்டுத்தான் வைப்பார்கள். குளோரீன் பச்சை கலந்த மஞ்சள் நிற நச்சு வாயு, 1915 இல் முதலாம் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது. இரண்டும் சேர்ந்தால் நாம் சோற்றில் போடும் உப்பு. சேர்வையின் குணம் அதற்குள் இருக்கும் மூலகங்களின் குணம்போல இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் திணிவு மறைந்து போவதில்லை. அணுத்திணிவுக் கணக்கில் சோடியம் 23, குளோரீன் 35.5, மொத்தம் 58.5, ஆக உப்பில் ஏறத்தாழ 39 சதவீதம் சோடியம். பிரஷர் உள்ளவர்கள் பக்கெட்டில் சோடியம் என்று போட்டிருப்பதைப் படிக்கும்போது இந்தக் கணக்கு உதவும்: 5 கிராம் உப்பு என்றால் ஏறக்குறைய 2 கிராம் சோடியம், உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு இதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

மூலக்கூறு பற்றிய குழப்பம் ஒரு பிள்ளைக்கு வந்தால் அது அந்தப் பிள்ளையின் மந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அணுக்கொள்கையை 1808 இல் புத்தகமாகப் போட்ட ஜோன் டோல்டனே தண்ணீரை ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்தது என்றுதான் நினைத்தார். 1811 இல் அவகாதரோ, வாயுக்களில் அணுக்கள் கூட்டமாக இருக்கலாம், அணு வேறு மூலக்கூறு வேறு என்று எழுதினார், கேட்பார் அதிகம் இருக்கவில்லை. 1860 இல் ஜேர்மனியின் கால்ஸ்ரூ நகரில் இரசாயனவியலாளர்கள் கூடியபோது கனிசாரோ அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் மெல்ல மெல்லத் தெளிந்தது. பெரிய மூளைகளுக்கே ஐம்பது வருடம் எடுத்த விஷயம் இது, ஒரு பாடவேளையில் முடித்துவிட்டு விளங்கவில்லையா என்று கேட்பது சரியில்லை.

கலவையா, சேர்வையா

விகிதத்தைப் பாருங்கள், அதுதான் அடையாளம். களனி கங்கைத் தண்ணீராக இருந்தாலும் மழைத் தண்ணீராக இருந்தாலும் கடல் நீரைக் காய்ச்சி வடித்து எடுத்ததாக இருந்தாலும், தூய நீரில் ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் திணிவு விகிதம் 1 இற்கு 8. யாராலும் மாற்ற முடியாது, மாற்றினால் அது தண்ணீராக இருக்காது. கலவைக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. பிளேன்டீக்கு ஒரு கரண்டி சீனி போடலாம், மூன்றும் போடலாம், அது பிளேன்டீதான்.

2021 இன் கடைசி மாதங்களில் காஸ் வெடிப்புச் செய்திகள் நாடு முழுக்க வந்துகொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். அப்போது வீட்டுக்கு வீடு புரோபேன், பியூட்டேன் விகிதம் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் இந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது. புரோபேன் ஒரு சேர்வை, மூன்று காபன், எட்டு ஐதரசன், அதை யாரும் மாற்ற முடியாது. பியூட்டேனும் அப்படித்தான், நாலும் பத்தும். ஆனால் சிலிண்டருக்குள் இருப்பது அவற்றின் கலவை, அதில் எது எவ்வளவு என்பதை நிரப்புபவர் மாற்றலாம். புரோபேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும், பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. ஆகவே புரோபேன் கூடினால் உள்ளே அமுக்கம் கூடும். ஒரு குசினியின் பாதுகாப்போடு சேர்ந்த கேள்வி இது, அந்த நாட்களில் இதை விளங்கிக்கொள்ள முடியாமல் பயத்தோடு மட்டும் இருந்த எத்தனையோ அம்மாமாரை நான் பார்த்தேன்.

செட்டியார் தெரு நகைக்கடைகளில் 22 கரட் என்றும் 916 என்றும் சொல்வதும் இதே கணக்குத்தான். 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 916, மிச்சம் செம்போ வெள்ளியோ. இது கலப்புலோகம், கலவை. செப்பும் நாகமும் சேர்ந்த பித்தளைக் குத்துவிளக்கும் அப்படித்தான். ஆனால் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கிறில் துருப்பிடிக்கிறதே, அது வேறு: இரும்பு, ஒட்சிசன், தண்ணீர் மூன்றும் சேர்ந்து புதிய சேர்வையாகிவிட்டன, உப்புக் காற்று அதை விரைவாக்குகிறது. துருவைக் காந்தத்தால் பொறுக்கி இரும்பாக எடுக்க முடியாது.

கரைவதும் உடைவதும் வேறு என்பதைச் சீனி காட்டும். தண்ணீரில் போட்ட சீனி மறைந்தாலும் மூலக்கூறு அப்படியே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 12 காபன், 22 ஐதரசன், 11 ஒட்சிசன் என்று 45 அணுக்கள், தண்ணீர் வற்றினால் திரும்பக் கிடைக்கும். அதே சீனியைப் பழைய கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டுங்கள், பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. உருகும், தேன் நிறமாகும், பொங்கும், புகைந்து கறுக்கும். கடைசியில் மிஞ்சும் கரி பெரும்பாலும் காபன், ஐதரசனும் ஒட்சிசனும் பெரும்பாலும் நீராவியாகப் போய்விட்டன. இது இனிச் சீனியாகாது.

சூத்திரம் வாசிக்கப் பழகுங்கள்

குறியீட்டின் முதல் எழுத்து பெரிய எழுத்து, இரண்டாவது இருந்தால் சிறிய எழுத்து. இதில் அலட்சியம் வேண்டாம். பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபாற்று என்ற உலோகம், இரண்டும் பெரியது என்றால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. சோடியத்துக்கு என்ஏ, இரும்புக்கு எப்ஈ, தங்கத்துக்கு ஏயு என்று ஏன் பொருந்தாத எழுத்துகள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். லத்தீன் பெயர்களின் முதல் எழுத்துகள் அவை: நேட்ரியம், பெரம், ஓரம்.

குறியீட்டின் கீழே சிறிதாக இருக்கும் எண் அதற்கு முன்னால் இருக்கும் அணுவுக்கு மட்டும் உரியது. அடைப்புக்குறி இருந்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும். சூத்திரத்துக்கு முன்னால் பெரிதாக நிற்கும் எண் முழு மூலக்கூறையும் பெருக்கும். கீழே உள்ள எண்ணை நம் வசதிக்கு மாற்றக் கூடாது, மாற்றினால் பொருளே மாறிவிடும். காபனீரொட்சைட்டு சோடாப் போத்தலில் நுரைக்கிறது, அதில் ஓர் ஒட்சிசன் குறைந்த காபனோரொட்சைட்டு மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். மின்வெட்டு நேரங்களில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ மூடிய பல்கனியிலோ ஓட விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான், தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

எண்ணிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 18 கிராம் தண்ணீர், அதாவது சுமார் மூன்றரைத் தேக்கரண்டி, ஒரு மூல். அதில் 6.022 ஐ 10 இன் 23 ஆம் அடுக்கால் பெருக்கி வரும் அளவு மூலக்கூறுகள். குழாயில் சொட்டும் ஒரு துளியில் 17 எழுதி அதன் பின்னால் 20 பூச்சியம் போட்ட அளவு. மூல் கணக்கு பிறகு வரும், இப்போதைக்கு இந்த அளவு மனதில் இருந்தால் போதும்.

கடைசியாகச் செய்து பார்க்க ஒன்று

வெற்றிலைக்கடையில் சுண்ணாம்பு வாங்குங்கள், நிறம் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு. அரைக் கரண்டி எடுத்து ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்க அடைய விடுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்பது சுண்ணாம்பு நீர், கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். அடி கலங்காமல் ஒரு கண்ணாடிக் கிளாசில் வார்த்து, ஸ்ட்ரோவால் மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சவே கூடாது, கண்ணில் படக் கூடாது, பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் பால்போலக் கலங்கும். உங்கள் மூச்சில் இருந்த காபனீரொட்சைட்டு கல்சியம் ஐதரொட்சைட்டோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கல்சியம் காபனேற்றும் தண்ணீரும் ஆகின்றன. சுண்ணாம்புக் கல்லிலும் முட்டைக் கோதிலும் இருக்கும் அதே சேர்வை உங்கள் கிளாசில் பிறக்கிறது. இப்போது கொப்பியை எடுத்து எண்ணுங்கள். இடப்பக்கம் சிஏ(ஓஎச்)2 உம் சிஓ2 உம்: கல்சியம் 1, காபன் 1, ஐதரசன் 2, ஒட்சிசன் அடைப்புக்குறிக்குள் இருந்து 2, காபனீரொட்சைட்டில் இருந்து 2, மொத்தம் 4. வலப்பக்கம் சிஏசிஓ3 உம் எச்2ஓ உம்: கல்சியம் 1, காபன் 1, ஐதரசன் 2, ஒட்சிசன் 3 உம் 1 உம், அதுவும் 4. ஓர் அணுகூடத் தொலையவில்லை, புதிதாக ஒன்றும் வரவில்லை, கைகோத்த ஆட்கள்தான் மாறினார்கள்.

மருமகள் அதோடு நிறுத்தவில்லை, மூச்சு வாங்க வாங்க ஊதிக்கொண்டே இருந்தாள். கலங்கிய நீர் மெல்ல மெல்லத் திரும்பவும் தெளிந்தது. கல்சியம் காபனேற்று, தண்ணீர், மேலும் வந்த காபனீரொட்சைட்டு மூன்றும் சேர்ந்து கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாறிவிட்டது, சிஏ(எச்சிஓ3)2. அதன் அணுக்களை அவளே எண்ணினாள், பென்சிலால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு: கல்சியம் 1, ஐதரசன் 2, காபன் 2, ஒட்சிசன் 6.